சிகப்புக் கல் பிறக்கும் மண்: மோகோக் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

செட்டிநாட்டு வீடொன்றில் பர்மாவிலிருந்து வந்தது எது என்று கேட்டால் சிறு பிள்ளைகூட முகப்புத் தூணைத் தொட்டுக் காட்டிவிடும். தேக்குத் தூண், நிலைக்கதவு, பலகாரம் போட்டுவைக்கும் மரவை என்று அந்தப் பட்டியல் நீளும். இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் இன்னொன்றைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எங்கள் அப்பத்தா விட்டுச்சென்ற ஏழுகல் தோட்டில், காதுக்கு ஏழாக மொத்தம் பதினான்கு சிகப்புக் கற்கள் இருக்கின்றன. அவை ‘பர்மாச் சிகப்பு’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பர்மாவில் எந்த ஊரில், எந்த மண்ணில், யார் கையால் எடுத்த கல் என்று தேடப்போய்த்தான் மோகோக் என்ற மலைப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1990களுக்கு முன்பு பர்மா மாணிக்கம் என்று உலகச் சந்தையில் சொல்லப்பட்ட கல் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அங்கே சுரங்கத் தொழில் எப்படித் தொடங்கி எப்படி மாறியது என்பதை, இதைப் பற்றி முன்பின் அறியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘சுரங்கம்’ என்ற சொல்லைச் சற்று அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுரங்கம் என்றதும் நமக்குக் கோலார் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். அங்கே பொன் பாறைக்குள் இழையோடியிருந்தது. அதைப் பின்தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகப் பாறையைக் குடைந்துகொண்டே போனார்கள். மாணிக்கமும் பாறையில்தான் பிறக்கிறது. ஆனால் மோகோக்கில் பல நூறு ஆண்டுகளாக மனிதர்கள் பாறையை உடைத்து அதை எடுக்கவில்லை. பாறை தானாகக் கரைந்து, கல் மட்டும் விடுபட்டு, களிமண்ணோடு பள்ளத்தில் வந்து தங்கியிருந்த இடத்தைத் தோண்டி எடுத்தார்கள். பிறந்த பாறையிலேயே கனிமம் இருந்தால் அது மூலப் படிவு. பாறையை விட்டு நீங்கி மண்ணில் சேர்ந்திருந்தால் அது இடம்பெயர்ந்த படிவு. இந்த இரண்டின் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், மோகோக்கில் யார் தோண்டினார்கள், எதைக் கொண்டு தோண்டினார்கள், எடுத்த கல் யாருக்குச் சொந்தமானது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

மோகோக், மாண்டலே நகருக்கு வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு 1,100 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர். சுற்றிலும் அதைவிட உயர்ந்த மலைகள். ஐராவதி ஆற்றின் கரையிலுள்ள தபேட்சின் என்ற துறையில் இறங்கி, சுமார் 60 மைல் காட்டுவழியாக ஏறினால்தான் ஊரை அடைய முடியும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. பர்மியர்கள் அந்தப் பகுதியை ‘ரத்தின பூமி’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பர்மியர், ஷான், தாஆங், லிசு மக்களோடு, ஆங்கிலேயர் காலத்தில் வந்து தங்கிவிட்ட நேபாள வழியினரும் அங்கே வாழ்கின்றனர். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று நாம் சொல்வதுபோல, அங்கே குன்றுகள்மேல் பகோடாக்கள் நிற்கின்றன. அவற்றோடு மலைக்கும் மரத்துக்கும் நீருக்கும் உரிய ‘நத்’ எனும் தெய்வங்களையும் மக்கள் வழிபடுகின்றனர். இரு பட்டைக்கூம்புகளை அடியோடு அடி ஒட்டியதுபோன்ற வடிவில், பட்டை தீட்டாமலே பளபளக்கும் ஸ்பினல் என்ற கல் அங்கே கிடைக்கும். அதை ‘நத் பட்டை தீட்டியது’ என்று பொருள்படும் பெயரிட்டு அழைப்பார்கள்.

பளிங்கும் எலுமிச்சைச் சாறும்

மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகை. தூய குருந்தத்திற்கு நிறமே கிடையாது. அதற்குள் மிகச் சிறிதளவு குரோமியம் புகும்போது சிவக்கிறது. அலுமினியம் பூமியில் எங்கும் நிறைந்த பொருள்தான். ஆயினும் மாணிக்கம் அரிதாக இருப்பதற்குக் காரணம் மணலின் மூலப்பொருளான சிலிக்கா. அது அருகில் இருந்துவிட்டால் அலுமினியம் அதோடு கூடி அப்பிரகமாகவோ வேறு சாதாரணக் கனிமமாகவோ ஆகிவிடும். சிலிக்கா குறைந்த இடம் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட இடமாக மோகோக்கில் அமைந்தது பளிங்கு.

இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயமலையை எழுப்பிய அதே மோதலின் கிழக்கு ஓரத்தில்தான் மோகோக் இருக்கிறது. பழைய கடலடியில் படிந்திருந்த சுண்ணாம்புக்கல் அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் பளிங்காக மாறியது. அதில் களிமண்ணாகக் கலந்திருந்த அலுமினியம் ஆங்காங்கே குருந்தமாகத் திரண்டது. பளிங்கில் இரும்பும் மிகக் குறைவு. இது நம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. குரோமியம் உள்ள மாணிக்கம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, தானும் சிவப்பாக ஒளிரும். இரும்பு மிகுந்தால் அந்த ஒளிர்வு அடங்கிப்போகும். தாய்லாந்துக் கற்கள் சற்று இருண்டு தெரிவதும், பர்மாக் கல் வெயிலில் உள்ளிருந்து எரிவதுபோல் தெரிவதும் இதனால்தான். வளவு முற்றத்தில் வெயில் நேராக இறங்கும் உச்சிப்பொழுதில் அந்தத் தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டாலை நிழலுக்குள் கொண்டுவந்தவுடன் அதே கல் கனல் அவிந்ததுபோல் ஆகிவிடுகிறது.

இனி, பாறைக்குள் இருந்த கல் மண்ணுக்கு வந்த கதை. பளிங்குத் தரை உள்ள வீட்டில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் பெரியவர்கள் பதறுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே துடைக்காவிட்டால் அந்த இடம் மெருகு போய்ப் பூத்துவிடும். சாற்றின் புளிப்பு பளிங்கைக் கரைக்கிறது என்பதே அதன் பொருள். மழைநீரிலும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் சேர்ந்த சிறு அமிலத்தன்மை உண்டு. பல லட்சம் ஆண்டுகள் பருவமழை பெய்தபோது மோகோக்கின் பளிங்கு மலைகள் அப்படியே சிறிது சிறிதாகக் கரைந்தன; குகைகளும் பிளவுகளும் உண்டாயின. மாணிக்கம் கரையவில்லை. வைரத்திற்கு அடுத்த கடினமும், அமிலத்திற்கு அசையாத தன்மையும் கொண்ட அது, கரையாத மற்றவற்றோடு சேர்ந்து குகைத் தரையிலும் மலைச்சரிவிலும் பள்ளத்தாக்கின் அடியிலும் தங்கியது.

நம் ஊர்ச் செம்புறாங்கல்லும் ஏறத்தாழ இப்படிப்பட்ட எச்சம்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊருணிப் படித்துறையிலும் கோட்டைச் சுவரிலும் நாம் காணும் அந்தக் கல், பழைய பாறையிலிருந்து கரையக்கூடியவற்றை எல்லாம் மழை கொண்டுபோன பிறகு எஞ்சிய இரும்பும் அலுமினியமும் இறுகியது. இங்கே எஞ்சியது வீடு கட்டும் கல். அங்கே எஞ்சியது காதில் போடும் கல். மழை செய்த வேலை ஒன்றே.

மோகோக்கில் மணிக்கற்களைத் தாங்கியிருக்கும் அந்தப் பழுப்பு மஞ்சள் நிறக் களிமண் பருக்கைப் படலத்திற்குப் ‘பியோன்’ என்று பெயர். மோகோக்கின் சுரங்க வரலாறு என்பது இந்தப் பியோனை எப்படி எடுப்பது, யார் எடுப்பது என்பதன் வரலாறே. மேல் மண்ணுக்குக் கீழே பல அடி ஆழத்தில் அது படிந்திருக்கும். எடுத்த பியோனிலிருந்து கல்லைப் பிரிக்கும் முறை நமக்குப் புதிதன்று. அரிக்கஞ்சட்டியில் அரிசியைப் போட்டு நீர் விட்டு அலம்பும்போது, அரிசி நீரோடு மேலே மிதந்து வர, கனமான கல் சட்டியின் வரிகளில் தங்கிவிடுகிறதல்லவா? வெண்கல்லான குவார்ட்சு அதே அளவு நீரைப்போல் சுமார் 2.65 மடங்கு எடை உடையது. மாணிக்கம் சுமார் 4 மடங்கு. ஆகவே பியோனை மூங்கில் தட்டிலோ கூடையிலோ இட்டு நீரில் சுழற்றினால் களிமண் கரைந்தோடும், இலேசான பருக்கைகள் ஓரத்துக்கு ஒதுங்கும், கனமானவை நடுவில் தங்கும். சோற்றில் கல் கிடக்கக் கூடாது என்று நாம் அரிக்கிறோம். அவர்கள் கல்லுக்காகவே அரிக்கிறார்கள்.

மூன்று வகைக் குழிகள்

பழைய முறைகள் மூன்று. மூன்றும் நிலத்தின் அமைப்புக்கும் பருவத்துக்கும் ஏற்றவை.

பள்ளத்தாக்கின் சமவெளியில், மழை ஓய்ந்த மாதங்களில், கிணறுபோல் இறக்கும் குழிக்கு ‘ட்வின்லோன்’ என்று பெயர். ஒன்றிரண்டு ஆள் இறங்கும் அகலம்தான். பக்க மண் சரியாமல் மரச்சட்டங்களைக் கொடுத்து, இடுக்கில் இலைதழைகளை அடைத்து, பியோன் தட்டுப்படும்வரை இறங்குவார்கள். மண்ணும் நீரும் மேலே வருவதற்கு அவர்கள் நட்ட கருவி, நம் பக்கத்து ஏற்றமேதான்: ஊன்றிய கம்பத்தின்மேல் குறுக்காக ஒரு நெடிய மூங்கில், ஒரு முனையில் கூடை, மறுமுனையில் எடைக்குக் கல். இந்த மூங்கில்கள் பள்ளத்தாக்கு முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காட்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சென்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் குழிகள் நிரம்பிவிடும், வேலை நின்றுவிடும்.

அதே மழையையே கருவியாகக் கொள்வது இரண்டாவது முறையான ‘ம்யோட்வின்’. மலைச்சரிவைத் திறந்து வெட்டி, மேட்டிலுள்ள ஓடைநீரை மூங்கில் குழாய்களிலும் கால்வாய்களிலும் நெடுந்தொலைவு கொண்டுவந்து வெட்டின் தலையில் விழச் செய்வார்கள். நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரு வாய்க்காலில் ஓட, கனமான பருக்கை வாய்க்காலின் தடுப்புகளில் தங்கும். ஒரு சரிவுக்கு நீர் கொண்டுவரப் பலர் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதால் இது கூட்டு முயற்சி. யாருக்கு எவ்வளவு நீர் என்ற கணக்கும் உண்டு. கண்மாய்ப் பாசனத்தில் முறை வைத்து நீர் விடும் ஊரில் பிறந்தவர்களுக்கு அதன் சிக்கல் சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது ‘லூட்வின்’. பளிங்கு கரைந்து உண்டான குகைகளுக்குள்ளும் பிளவுகளுக்குள்ளும் தேங்கிக் கிடக்கும் பியோனைத் தேடி மனிதர் ஊர்ந்து செல்வது. பிளவு எங்கே திரும்புகிறதோ அங்கே உடலையும் திருப்பியாக வேண்டும். மிகச் செழிப்பான பியோன் இத்தகைய பொந்துகளில்தான் கிடைத்தது. உயிர்ச்சேதமும் இங்கேதான் மிகுதி.

இவற்றை எல்லாம்விட என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ‘கனசே’ என்ற வழக்கம். சுரங்கக்காரர்கள் அரித்து முடித்துக் கழித்துவிட்ட பருக்கையையும் ஓடையில் அடித்துச் செல்லும் மண்ணையும் மீண்டும் அலம்பிப் பார்க்கும் உரிமை ஊர்ப் பெண்களுக்கு உண்டு. அதில் கிடைப்பது அவர்களுக்கே சொந்தம். சுரங்க உடைமையாளர் அதில் பங்கு கேட்க முடியாது. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை நம் ஊர்களில் இருந்ததைப் போன்றது இது. முட்டளவு நீரில் தட்டைச் சுழற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும் பெண்களின் படங்கள் நூறாண்டுக்கு முந்தையவையும் உண்டு, அண்மையவையும் உண்டு. ஆட்சிகள் மாறி, நிறுவனங்கள் வந்துபோன பிறகும் மோகோக்கில் மிக நீண்ட காலம் நிலைத்த சொத்துரிமை இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அரசனுக்கு உரிய கல்

மோகோக் பகுதி முதலில் மோமெய்க் என்ற ஊரை ஆண்ட ஷான் தலைவருக்கு உட்பட்டிருந்தது. 1597ஆம் ஆண்டில் பர்மிய அரசர் தகாவுங் என்ற இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாக மோகோக்கைத் தம் வசம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது அரசரின் தனிச்சொத்து. ஊரார் தோண்டலாம், விற்கலாம். ஆனால் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கல் எதுவாயினும் அரசரைச் சேர வேண்டும். விதி எளிமையானதாகத் தோன்றினாலும் அதன் விளைவு விபரீதமானது. பெரிய கல் கிடைத்தவன் அதை முழுதாக வைத்திருந்தால் அது அவனுடையதாகாது; உடைத்துவிட்டால் துண்டுகள் அவனுடையவை. ஆகவே எத்தனையோ பெரிய கற்கள் கண்டெடுத்தவர் கையாலேயே உடைபட்டன.

இதையொட்டி அங்கே வழங்கும் கதை ஒன்று உண்டு. ங்கா மாவுக் என்பவன் ஒரு பெருங்கல்லைக் கண்டெடுத்து, அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அரசருக்குக் கொடுத்து மறுபாதியை மறைத்துக் கொல்கத்தாவுக்கு விற்றுவிட்டான் என்றும், இரண்டு பாதிகளும் ஒருநாள் அரசர்முன் சேர்ந்து பொருந்தியபோது உண்மை வெளிப்பட்டு, அவனும் குடும்பத்தாரும் எரிக்கப்பட்டனர் என்றும் சொல்வார்கள். கதையில் எவ்வளவு உண்மை இருந்தாலும், ங்கா மாவுக் என்ற பெயருடைய மாணிக்கம் ஒன்று பர்மிய அரண்மனையில் இருந்தது. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மாண்டலேயைக் கைப்பற்றிய நாட்களில் அது காணாமல் போயிற்று. அதன்பின் கண்டவர் இல்லை. அரியணை இழந்த திபோ மன்னரை முதலில் சென்னைக்குக் கொண்டுவந்து சில மாதங்கள் வைத்திருந்து, பின்னர் மேற்குக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். 1916இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். ரத்தின பூமிக்கு உடையவரான அவர் சிறையிருந்த ஊரின் பெயர் ரத்தினகிரி.

பள்ளத்தாக்கையே அகழ்ந்த நிறுவனம்

1886 ஜனவரி 1ஆம் நாள் மேல் பர்மா ஆங்கிலேய ஆட்சியோடு இணைக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் படை மோகோக்கை அடைந்துவிட்டது. 1889இல் லண்டனில் ‘பர்மா ரூபி மைன்ஸ்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பங்கு விற்ற அன்று ராத்சைல்டு வங்கியின் வாசலில் கூடிய கூட்டத்தைக் கடக்க முடியாமல், ராத்சைல்டு பிரபுவே ஏணி வைத்துச் சன்னல் வழியாகத் தம் அலுவலகத்துக்குள் போனார் என்பது அந்நாளில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் குத்தகையும் இலாபத்தில் ஒரு பங்கும் அரசுக்குத் தருவதாக ஒப்பந்தம்.

இடம்பெயர்ந்த படிவு என்பதன் முழுப் பொருள் இந்த நிறுவனத்தின் வேலையில்தான் தெரியவருகிறது. பாறைக்குள் இருக்கும் இழையென்றால் ஒரு வாய் திறந்து உள்ளே போகலாம். மேலே ஊர் ஊராகவே இருக்கும். பியோனோ பள்ளத்தாக்கின் அடியில் ஒரு பாய்போல விரிந்து கிடந்தது. மூங்கிலும் கூடையும் கொண்டு குழிகளாகத் தோண்டிய மக்கள் அந்தப் பாயில் ஆங்காங்கே ஓட்டை மட்டும் போட்டிருந்தார்கள். நிறுவனம் பாயையே சுருட்டி எடுக்க முனைந்தது. நீர் இறைக்கும் எந்திரங்களும், தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டிகளும், பெரிய அலம்பும் ஆலைகளும், ஓடை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் அந்த மலைக்கு வந்தன. மோகோக் ஊர் நின்ற இடத்தின் அடியிலும் செழிப்பான பியோன் இருந்ததால், ஊரையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்த நிலத்தையும் வெட்டினார்கள். வெட்ட வெட்டப் பள்ளம் ஆழமாகி நீர் தேங்கியதால், அதை வெளியேற்ற மலையைக் குடைந்து வடிகால் வழி ஒன்றும் அமைத்தார்கள். கைமுறையாகத் தோண்டிவந்த உள்ளூர் மக்கள் மாதக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றுத் தங்கள் வழக்கமான முறையில் தொடர அனுமதிக்கப்பட்டனர்.

நம் நகரத்தார் பர்மாவில் ஊன்றியதும் இதே காலம்தான். ஆனால் அவர்களுடைய களம் வேறு. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்து நெல் ஏற்றுமதி பெருகியபின், கொண்டுவிக்கப் போனவர்கள் பெரும்பாலும் ஐராவதிக் கழிமுகத்தில் உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் பெட்டியடிகளை வைத்தார்கள். 1930ஐ ஒட்டி எடுக்கப்பட்ட வங்கித்தொழில் விசாரணைக் குழுவின் கணக்கில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. மாணிக்கம் அவர்களுக்குத் தொழிலாக இருந்ததைவிடச் சேமிப்பாக இருந்தது. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது, மகளின் திருமணத்தை நினைத்து வாங்கிவரும் கல்லாகத்தான் அது பெரும்பாலும் இங்கே வந்து சேர்ந்திருக்கும்.

அந்த நிறுவனம் சில ஆண்டுகள் நன்றாக ஓடியபின் சரிந்தது. முதல் உலகப்போர், பணமந்தம், பெருகிய நீர் எனக் காரணங்கள் பல. ஆனால் அவற்றுள் ஒன்றைத் தனித்துச் சொல்ல வேண்டும். 1902இல் பாரிசில் அகுஸ்த் வெர்னாய் என்ற வேதியியலாளர் மாணிக்கத்தைச் செயற்கையாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடுத் தூளில் சிறிது குரோமியம் கலந்து, 2,000 டிகிரிக்கு மேல் எரியும் சுடரின் வழியே மெல்ல மெல்லக் கொட்டினால், உருகிய துளிகள் கீழே ஒரு தண்டின்மேல் விழுந்து, மெழுகு சொட்டிக் குவிவதுபோல் ஒரு கட்டியாக வளரும். சில மணி நேரத்தில் கட்டி தயார். இது கண்ணாடிப் போலி அன்று. வேதியியலில் முழு மாணிக்கம். 1907ஆம் ஆண்டில் இம்முறையில் 1,000 கிலோ அளவுக்கு உற்பத்தி நடந்தது. பிற்காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வீடுகளில் செழித்த செயற்கைக்கல் பட்டை தீட்டும் தொழிலும் இந்தக் கண்டுபிடிப்பின் கிளைதான்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டுக்குத் திரும்புகிறேன். காரைக்குடியில் நகைத்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். புற ஊதா விளக்கை அடித்தார். பதினான்கு கற்களும் தணல்போல் எரிந்தன. நான் மகிழ்ந்தேன். அவர், “இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி, செய்த கல்லும் இப்படித்தான் எரியும்” என்று சொல்லிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்க்கத் தொடங்கினார். பதின்மூன்று கற்களுக்குள் பட்டு நூல் அறுத்துத் தூவியதுபோல் மிக நுண்ணிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. அவை ரூட்டைல் என்ற கனிமத்தின் இழைகள். இடக்காதுத் தோட்டில், கீழ்வரிசையில் இருந்த ஒரு கல்லில் ஊசி இல்லை. அதற்குப் பதிலாக, பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல, வளைந்த மெல்லிய கோடுகளும் இரண்டு சிறு குமிழிகளும் தெரிந்தன. இயற்கைக் கல் நேரான முகங்களோடு வளர்வதால் அதன் வளர்ச்சிக் கோடுகள் நேராகவே இருக்கும். சுடரின் கீழ் குவிந்து வளர்ந்த கட்டியின் தலை உருண்டையாக இருப்பதால் அதன் கோடுகள் வளைந்திருக்கும். கல் விழுந்துபோய் யாரோ மாற்றிப் பதித்ததா, வாங்கும்போதே பொட்டலத்தில் கலந்திருந்ததா என்று இனி அறிய வழியில்லை. மோகோக்கையும் அந்த நிறுவனத்தையும் கலங்கடித்த பொருள் எங்கள் அப்பத்தாவின் காதிலேயே இத்தனை காலம் இருந்திருக்கிறது.

நிறுவனம் 1925இல் கலைப்புக்குச் சென்று, 1931இல் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெட்டிய பெரும்பள்ளம் நீரால் நிறைந்தது. இன்று மோகோக் நகரின் நடுவே, கரையில் வீடுகளும் பகோடாவின் நிழலும் விழ, அழகாகப் படமெடுக்கப்படும் ஏரி அந்தப் பழைய சுரங்கமே. பார்ப்பவர்கள் அதை இயற்கை ஏரி என்று எண்ணிக்கொள்வது இயல்பு. பள்ளத்தாக்கின் பழைய தரையை இனி யாரும் காண முடியாது.

நிறுவனம் போனபின் சுரங்கம் மீண்டும் உள்ளூர்க் கைகளுக்கு வந்தது. 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்தப் பத்தாண்டிலேயே மணிக்கல் தொழில் அரசுடைமையாயிற்று. வெளிநாட்டவர் மோகோக்குக்குள் நுழைவது ஏறக்குறைய நின்றுபோனது. 1964ஐ ஒட்டி நம்மவர் பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது, நகை கொண்டுவருவதற்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஆகவே செட்டிநாட்டுப் பெட்டிகளில் இன்றுள்ள பழைய பர்மாச் சிகப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே வந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1990களில் தனியாரோடு சேர்ந்த சுரங்கங்கள் அனுமதிக்கப்பட்டன. வெடிமருந்தும் துளைக்கருவியும் வந்தன; பியோன் தீர்ந்த இடங்களில் மூலப் பாறையான பளிங்கையே உடைத்துக் கல் எடுக்கும் முறை பரவியது. கோலாரை நினைவூட்டும் சுரங்கம் மோகோக்குக்கு வந்தது இவ்வளவு பின்னால்தான்.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஷான் மாநிலத்தின் மோங் சூ என்ற இடத்தில் புதிய மாணிக்கப் படிவு வெளிப்பட்டது. அங்கே கிடைக்கும் கல்லின் நடுவில் கருநீலத் திட்டு இருக்கும்; உயர் வெப்பத்தில் சுட்டால் அது மறைந்து சிவப்பு தெளியும். இதனால் ‘பர்மா மாணிக்கம்’ என்ற சொல் முன்போல் ஓர் ஊரைக் குறிப்பதாக இல்லை. சந்தையில் இன்றுள்ள மாணிக்கங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு முறையில் சுடப்பட்டவை. மியான்மர் கற்களுக்கு அமெரிக்கா 2008இல் சட்டம் இயற்றித் தடை விதித்து, 2016இல் தடையை நீக்கி, 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு அரசின் மணிக்கல் நிறுவனத்தின்மீது மீண்டும் பொருளாதாரத் தடை விதித்தது. 2024 ஜூலையில் தாஆங் மக்களின் ஆயுதப்படை மோகோக் நகரைக் கைப்பற்றியது. கல் யாருக்கு உரியது என்று 1597இல் எழுந்த கேள்வி அங்கே இன்னும் துப்பாக்கி முனையில்தான் கேட்கப்படுகிறது. அதன் துயரத்தை அனுபவிப்பவர்கள் தட்டைச் சுழற்றிப் பிழைக்கும் அந்த ஊர் மக்களே.

வீட்டில் பழைய சிகப்புக்கல் நகை வைத்திருப்பவர்கள் அதைச் சோதிக்க விரும்பினால், மணிக்கல் ஆய்வகத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: கல் இயற்கையா, சுடப்பட்டதா, எந்தப் பகுதியைச் சேர்ந்தது. முதலாவதற்கு உறுதியான விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, ரூட்டைல் ஊசிகள் உருகாமல் முழுமையாக இருக்கின்றனவா என்பது நல்ல சான்று. மூன்றாவது, ஆய்வாளரின் கருத்து என்ற அளவில்தான் அறிக்கையில் வரும். நம் பழைய நகைகளில் கல்லின் பின்புறத்தை மூடிப் பதித்திருப்பதால், கழற்றாமல் எடையை அறிய முடியாது. கழற்றினால், அந்த நாளைய ஆசாரியின் கைவேலையை அப்படியே திருப்பிப் பதித்துத் தருபவர்கள் இப்போது மிகக் குறைவு. இடக்காதுக் கல்லை மாற்றி நல்ல கல் ஒன்று வைத்துத் தருவதாக அந்தப் பெரியவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, தோட்டை மரவையில் வைத்து மூடி எடுத்துவந்துவிட்டேன்.